சாவியை எடுத்த பிறகும் சுற்றும் ரேடியேட்டர் ஃபேன்: ராமநாதபுரம் கடலோர வண்டிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வண்டியை நிறுத்திச் சாவியைப் பையில் போட்ட பிறகும் பானெட்டுக்குள் ஃபேன் ஓடினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிட்டால் அது அந்த வண்டியின் இயல்பு. கால் மணி நேரம் தாண்டியும் ஓடினாலோ, எஞ்சின் முழுக்க ஆறிய வண்டியில் ஓடிக்கொண்டிருந்தாலோ அது கோளாறு. டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியும் ஃபேன் சுற்றவே இல்லை என்றால், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோரத்தில் இந்தக் கோளாறுகள் வரும் வழி கொஞ்சம் வேறு. இங்கே முதலில் பார்க்க வேண்டியது ரிலே (ஃபேனுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), கனெக்டர் (வயர்கள் சேரும் பிளக்), எர்த் போல்ட் (நெகட்டிவ் வயரை வண்டியின் உடம்போடு சேர்க்கும் போல்ட்) மூன்றும்தான். உப்பு முதலில் போய் உட்காருவது அங்கேதான். அதைப் பார்க்காமல் சென்சார், ஃபேன் மோட்டார், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்று விலை கூடியதை வரிசையாக மாற்றுவதில்தான் பலருக்குக் காசு கரைகிறது.

எஞ்சின் நின்றதும் உள்ளே நடப்பது

எஞ்சின் ஓடும்போது வாட்டர் பம்ப் கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பிய நொடியில் பம்ப் நின்றுவிடும். ஆனால் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் உலோகம் கூலன்டைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடு போக வழியில்லாமல், பக்கத்தில் அசையாமல் நிற்கும் கூலன்டில் இறங்குகிறது. அதனால் நிறுத்திய முதல் சில நிமிடங்களில் ஹெட் பக்கத்துக் கூலன்டின் வெப்பம் குறையாமல் 5 முதல் 10 டிகிரி வரை ஏறும். 94 டிகிரியில் நிறுத்திய வண்டி மூன்று நிமிடம் கழித்து 101 காட்டினால் அதில் அதிசயம் இல்லை.

பொதுவாக, கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். ஃபேன் 95 முதல் 100 டிகிரி வாக்கில் மெதுவான வேகத்தில் தொடங்கி, 100ஐத் தாண்டி இன்னும் ஏறினால் முழு வேகத்துக்குப் போகும். வெப்பம் 90 முதல் 93 டிகிரிக்கு இறங்கியதும் நிற்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இரண்டு மூன்று டிகிரி முன்பின் ஆகலாம்.

பம்ப் நின்ற பிறகு ஃபேன் ஓடி என்ன பயன் என்று கேட்கலாம். ரேடியேட்டரில் தேங்கியிருக்கும் கூலன்ட் ஆறும். அதைவிட முக்கியமாக, பானெட்டுக்குள் தேங்கிய அனல் வெளியேறும். ரப்பர் ஹோஸ், வயரிங், பிளாஸ்டிக் டேங்க் எல்லாம் அதனால் பிழைக்கும். ஹெட்டுக்குள் கூலன்ட் கொதித்து ஆவிக் குமிழி கட்டுவதும் குறையும்.

எல்லா வண்டியும் ஒரே மாதிரி இல்லை

பழைய கார்கள் பலவற்றில் ரேடியேட்டரின் பக்கவாட்டிலோ அடியிலோ சூடேறினால் தானாக இணையும் ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கும். சாவியோடு தொடர்பில்லாமல் பேட்டரியிலிருந்தே அதற்குக் கரண்ட் வரும். எஞ்சின் நின்றால் ரேடியேட்டருக்குச் சூடான கூலன்ட் வருவதும் நின்றுவிடும். ஆகவே இந்த வகையில் ஃபேன் இரண்டு மூன்று நிமிடத்திலேயே நிற்க வேண்டும்.

இசியூ கட்டுப்படுத்தும் வண்டிகளில் சென்சார் ஹெட் பக்கம் இருக்கும். நிறுத்தும்போது சும்மா இருந்த ஃபேன், ஒரு நிமிடம் கழித்துத் திடீரென்று ஓடத் தொடங்குவது இந்த வகையில்தான். ஹெட்டில் வெப்பம் ஏறியதைச் சென்சார் பார்த்துவிட்டது, வேறொன்றுமில்லை. சாவியை எடுத்ததும் ஃபேனும் நின்றுவிடும்படியே அமைந்த சின்னக் கார்களும் உண்டு. அவற்றில் ஃபேன் ஓடவில்லையே என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம்.

பெல்ட்டில் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் உள்ள பழைய ஜீப், வேன், லோடு வண்டிகளில் எஞ்சின் நின்றால் ஃபேனும் நிற்கும். அவ்வளவுதான். டர்போ உள்ள சில வண்டிகளில் ஃபேனோடு சேர்ந்து மெல்லிய ரீங்காரமும் கேட்கும். அது டர்போவைக் குளிர்விக்கும் தனி எலக்ட்ரிக் பம்ப்.

2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார்களில் இன்னொரு காரணம் உண்டு. சைலன்சர் லைனில் இருக்கும் புகைக்கரி வடிகட்டி, சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அப்போது உள்ளே 600 டிகிரி வாக்கில் இருக்கும். நடுவில் நிறுத்திவிட்டால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், காந்தல் வாடையும் வரும். ஃபேன் தானாக நிற்கட்டும். அடுத்த முறை உச்சிப்புளி பக்கம் நேர் ரோட்டில் 15, 20 நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் அந்த வேலை முடிந்துவிடும். இப்படி வாடை வரும்போது காய்ந்த புல், பனை ஓலைச் சருகு, கருவேலம் செத்தை மேல் மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. தீப்பிடிக்க அது போதும்.

கையை விடும் முன்

சாவி உங்கள் பையில் இருந்தாலும் ஃபேன் எந்த நொடியிலும் சுற்றலாம். இப்படி விரலே போய்விடலாம். ஃபேன் பக்கம் கை போகுமுன் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தோளில் துண்டோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் குனிய வேண்டாம்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி திறந்ததும் அழுத்தம் போய், உள்ளிருப்பது ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, தொட்டால் சுடாமல் இருந்தால்தான் திறக்கலாம். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஹெட் வெடிப்பு விடும்.

முதல் வேலை: நேரம் பார்த்துக் குறிப்பது

எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஏசியை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியை நிறுத்துங்கள். ஃபேன் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, மெதுவா முழு வேகமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஓடி நின்ற பிறகு சாவியை எடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். ஸ்டியரிங் அடியில் இருக்கும், இசியூவின் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி இருந்தால் எஞ்சின் ஓடும்போது கூலன்ட் வெப்பம் டிகிரிக் கணக்கில் தெரியும். டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் 80 டிகிரியானாலும் 105 டிகிரியானாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஏசி போட்டால் கூலன்ட் ஆறியிருந்தாலும் ஃபேன் ஓடும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் பல வண்டிகளில் அதே ஃபேன்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் ஏசியை ஓடவிட்டு ஒரு மணி நேரம் நிற்கும் வண்டிகள், நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் ஃபேனை ஓட்டுவது சகஜம். பாம்பன் பாலத்து நெரிசலில் ஊர்ந்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். அந்த நாளை வைத்து வண்டியை எடை போட வேண்டாம்.

பேட்டரி இறங்கிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஃபேன் 15 ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து நிமிடம் ஓடுகிறது என்று வைத்தால் செலவு 1.25 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது ஒன்றுமில்லை. அதே ஃபேன் ஒட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓடினால் 22 ஆம்பியர்-அவர் போய்விடும், வண்டி கிளம்பாது.

நிற்காமல் ஓடும் ஃபேன்: படிப்படியாக

1. எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியும், சாவி இல்லாமலே ஃபேன் ஓடுகிறது என்றால் வெப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிலேயைப் பிடியுங்கள்.

2. பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உள்பக்கத்தில் எது எந்த ரிலே என்ற படம் இருக்கும். ஃபேன் ரிலேயைப் பிடுங்குங்கள். இரண்டு வேக ஃபேன் என்றால் இரண்டோ மூன்றோ ரிலே இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஃபேன் நின்றுவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ரிலே இல்லாமலும் ஓடினால் வயரிங்கில் ஷார்ட், அல்லது ஃபேனோடு ஒட்டியிருக்கும் கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கிறது.

3. பிடுங்கிய ரிலேயின் கால்களைப் பாருங்கள். பச்சைக் களிம்பு, வெள்ளைப் பொடி, கருகிய தடம் இருக்கிறதா? உள்ளே இருக்கும் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்வதுதான் நிற்காத ஃபேனுக்கு அடிக்கடி கிடைக்கும் காரணம். 30, 87 என்று போட்ட கால்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். வெளியே எடுத்த ரிலேயில் அங்கே தொடர்பு இருக்கக் கூடாது. பீப் அடித்தால் ஒட்டிவிட்டது. 85, 86 கால்களுக்கு நடுவே 70 முதல் 100 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். அதே ஆம்பியர், அதே கால் அமைப்புள்ள ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.

4. ரிலே நன்றாக இருந்தால், ஆறிய எஞ்சினில், சாவி இல்லாத நிலையில் சாக்கெட்டின் 85, 86 துளைகளுக்கு நடுவே வோல்ட் பாருங்கள். 12 வோல்ட் இருந்தால் யாரோ ரிலேயை ஓடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: தெர்மோ சுவிட்ச், இசியூ, அல்லது நடுவில் எர்த் ஆன ஒரு வயர். இதற்குப் பல்பு வைத்த டெஸ்ட் லைட் வேண்டாம், மீட்டரே போதும். தெர்மோ சுவிட்ச் வகை என்றால் அதன் கனெக்டரைக் கழற்றினாலே பதில் கிடைத்துவிடும். ஃபேன் நின்றால் சுவிட்ச் ஒட்டிவிட்டது.

5. சாவியை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் ஓபிடி கருவிக்கு இசியூ பதில் சொல்கிறதென்றால், மெயின் ரிலே ஒட்டியிருக்கலாம். அப்போது ஃபேன் மட்டுமல்ல, மொத்த எஞ்சின் சர்க்யூட்டும் விழித்திருக்கும்.

6. கடைசியில்தான் சென்சார். அதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் விடியற்காலை, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஓபிடி கருவியில் படியுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்று 27, கூலன்ட் 41 என்று வந்தால் சென்சார் லைன் பொய் சொல்கிறது.

சென்சாரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறினாலும், பெரும்பாலும் 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அருகே, 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே. உப்பு இதை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. கனெக்டரில் ஈர உப்பு படிந்து இரண்டு காலையும் இணைத்துவிட்டால் ரெசிஸ்டன்ஸ் குறைந்து, எஞ்சின் சூடாக இருப்பதாக இசியூ நினைக்கும். களிம்பு ஏறித் தொடர்பு கெட்டால் நேர்மாறு. 100 டிகிரியில் கூடுதலாக 100 ஓம் சேர்ந்தாலே 80 டிகிரி சொச்சம்தான் காட்டும். எஞ்சின் கொதிக்கும், ஃபேன் தூங்கும். வயர் முழுதாக அறுந்தால் பல வண்டிகளில் இசியூ பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டிவிடும். ஓபிடியில் மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். ஆகவே சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டிப் பாருங்கள்.

ஓட வேண்டிய நேரத்தில் ஓடாத ஃபேன்

முள் ஏறுகிறது, ஃபேன் இல்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அது ஆறிய பிறகு ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். 30 அல்லது 40 ஆம்பியர் இருக்கும். பிறகு ஃபேன் கனெக்டர். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும், சுத்தம் செய்து பயனில்லை.

மோட்டாரைச் சோதிக்க, கனெக்டரைக் கழற்றிவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். இது இரண்டு வயர் மோட்டாருக்கு மட்டும். மாட்யூலோடு வரும் ஃபேனில் செய்யக் கூடாது. நேராகக் கொடுத்து நன்றாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பேரிங்கில் மணலும் துருவும். முழு வேகம் மட்டும் ஓடி மெதுவான வேகம் ஓடவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அது சின்ன பாகம்தான். ஃபேன் முழுவதையும் மாற்றச் சொன்னால் ஒரு முறை யோசியுங்கள்.

அடுத்தது எர்த். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை ஃபேனின் எர்த் வயரிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட் துருவேறிவிட்டது. போல்ட்டைக் கழற்றி, அடித்தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். முதலில் இறுக்கம், அப்புறம்தான் வாசலின். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு இதை ஆண்டுக்கு ஒரு முறை செய்வது வீண் வேலை இல்லை. மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை; பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்தை விடாது.

'ஃபேனை டைரக்ட் போட்டுடலாம்ணே' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வழியில் நின்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர, ஃபியூஸோடு, ஒரு நாளைக்கு என்றால் சரி. அப்படியே விட்டால் உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும், ஃபியூஸ் இல்லாத வயர் என்றால் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும்.

ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் ஓடினால்

மின்சாரப் பக்கம் எல்லாம் சரி, ஆனாலும் கொஞ்ச தூரம் போய்வந்தாலே ஃபேன் பத்து நிமிடம் ஓடுகிறது என்றால், வெப்பம் உண்மையிலேயே இறங்கவில்லை. எஞ்சின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். டேங்கில் போட்டிருக்கும் MIN, MAX கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

இந்தக் கரையில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்புப் படிவு குழாய்களை அடைக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. சின்னக் காருக்கு மொத்தம் நான்கு முதல் ஆறு லிட்டர் பிடிக்கும். கடையில் 'ரெடி டு யூஸ்' என்று விற்பதில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கும், மறுபடி கலக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காமல், வண்டிப் புத்தகம் சொல்லும் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். வழியில் அவசரம் என்றால் கடைத் தண்ணீர் பாட்டிலை ஊற்றலாம். ஊருக்கு வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள். புதுக் கூலன்ட் ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் மட்டத்தை மறுபடி பாருங்கள். உள்ளே காற்று அடைத்திருந்தால் மட்டம் இறங்கியிருக்கும்.

வெளிப்பக்க அடைப்பும் உண்டு. கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் பொடி பறந்து, முன்னால் இருக்கும் கன்டென்சருக்கும் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய்ச் சேரும். அதோடு கடல் திவலை ஒட்டி, அலுமினிய மடிப்புகள் வெள்ளையாகப் பொடிந்து உதிரும். அரிச்சல்முனை போய்வந்த அன்றே, எஞ்சின் நன்றாக ஆறியதும், சாதாரணத் தோட்டக் குழாயில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முடிந்தவரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. பிரஷர் வாஷரை அருகில் பிடித்தால் மடிப்புகள் படுத்துவிடும், பிறகு காற்றே போகாது. ஃபியூஸ் பெட்டியையும் ஃபேன் மாட்யூலையும் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டி

கீழக்கரை, தொண்டி பக்கம் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கின்றன. ஓடாத ஃபேன்தான் உப்பில் சீக்கிரம் இறுகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஏசியை அணைத்து, எஞ்சின் சூட்டில் ஃபேன் ஒரு முறை தானாக ஓடி நிற்கும்வரை விடட்டும். சாவியை எடுத்ததும் உடனே கதவைப் பூட்டிப் போய்விடாமல், ஃபேன் நின்றதைக் காதால் கேட்ட பிறகு போகச் சொல்லுங்கள். நீண்ட நாள் எடுக்கவே மாட்டார்கள் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைப்பது நல்லது. ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றக் கூடாது. டேஷ்போர்டு பெட்டியில் அதே நம்பர் ரிலே ஒன்றும், 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டுவிட்டுப் போனால், பார்த்துக்கொள்பவர் கடை தேடி ராமநாதபுரம் வரை அலைய வேண்டியிருக்காது.